ஆணியில் தொங்கும் கோட்டு

சவன்னகேத்தில், தாய்லாந்துத் தூதரகத்துக்கு
எதிர்வாடையில் என் கடை.
போட்டோ, ஜெராக்ஸ், படிவம் நிரப்புதல்.
குளிர்ந்த காப்பியும் உண்டு. ஐஸ் தீர்ந்தால் இல்லை.

ஆணியில் ஒரு கறுப்புக் கோட்டு.
அரைக்கால் சட்டையும் செருப்புமாய் வருகிற அத்தனை பேருக்கும்
அது ஒன்றுதான்.
முதுகுப்பக்கம் துணிக் கிளிப் போட்டு இறுக்குவேன்.
கேமராவுக்கு முதுகு தெரியாது.
ஆற்றுக்கு அக்கரையில், யசோத்தோனில், கலாசினில்,
எத்தனையோ பள்ளிக்கூட அலமாரிகளில்
இந்தக் கோட்டு உட்கார்ந்திருக்கிறது.
வேலை கிடைத்ததெல்லாம் அதற்குத்தான் என்று
பக்கத்துக் கடை பொன்பசூட் சிரிப்பாள்.

அயுக் வந்தது மழை விட்டும் விடாத ஒரு செவ்வாய்க்கிழமை.
காமரூன்காரர். ஊர் மம்ஃபே.
பன்னிரண்டு வருஷம் கணக்கு வாத்தியார்.
கோட்டை மாட்டினார், தோளில் தையல் விட்டது.
"மன்னிக்கணும்" என்றார்
கோட்டைப் பார்த்து. என்னைப் பார்த்து இல்லை.

படிவத்தில் தாய்மொழிக்கு ஒரு கட்டம்,
கட்டைவிரல் அகலம்.
"அம்மாவிடம் கெனியாங். சந்தையில் பிட்ஜின்.
கரும்பலகையில் ஆங்கிலம்.
இதில் எதைச் சொன்னால் சம்பளம்?"
எனக்குத் தெரிந்ததை எழுதினேன்.
அவர்களிடம் ஏழு நாடுகளின் பட்டியல் ஒன்று இருப்பதும் தெரியும்.
அதை நான் சொல்லவில்லை.

முக்தாஹானிலிருந்து ஏஜென்ட் கானிட்தா கூப்பிட்டாள்:
"அக்கா, படத்தைக் கொஞ்சம் வெளிச்சமாய் அனுப்புங்க,
பிள்ளைகளைப் பெத்தவங்க பார்ப்பாங்க."
வெளிச்சம் என்றால் எதுவென்று கேட்கவேண்டியதில்லை.
என் மகள் கல்யாணப் படத்துக்கே செய்து கொடுத்தவள் நான்.
மவுஸைப் பிடித்து இரண்டு இழுப்பு.

அவர் திரைக்குக் குனிந்தார்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.
"யாரிவர்? பாவம், இவருக்காவது கிடைக்கட்டும்.
கிடைத்துவிட்டால்
திங்கட்கிழமை வகுப்புக்கு யார் போவது?"

திருப்பி இழுத்தேன்.
பழைய நிறம் பழையபடி வரவில்லை.
மறுபடி சுவரோடு நிற்கச் சொன்னேன்,
கோட்டு இல்லாமல், அவருடைய சட்டையில்,
காலர் சற்று நைந்திருந்தது.
ஆறு படம் நாற்பதாயிரம் கிப்.
குறைக்கவில்லை.
குறைத்திருந்தால் அடுத்த முறை வேறு கடைக்குப் போயிருப்பார்.

அதே வாரம் கனடாப் பையன் ஒருவன்,
இருபத்திமூன்று வயது, ராத்திரி பியர் வாசம் போகவில்லை.
கோட்டு அவனுக்கு அளவெடுத்த மாதிரி.
சாயங்காலத்துக்குள் கானிட்தாவின் பதில் வந்தது.
"என்ன பாடம் நடத்தணும்?" என்று
என்னைக் கேட்டான்.

அயுக் மூன்று முறை வந்தார்.
முதல் முறை புதுப் படம்.
இரண்டாம் முறை சான்றிதழுக்கு ஜெராக்ஸ், அதற்கு மேல் முத்திரை,
முத்திரைக்கு ஒரு ஜெராக்ஸ்.
மூன்றாம் முறை ஒன்றுமில்லை, காப்பி மட்டும்.
ஐஸ் தீர்ந்திருந்தது. பரவாயில்லை என்று சுடச்சுடக் குடித்தார்.

நவம்பரில் பாலம் கடந்து பஸ்ஸில் வந்தார்.
அம்னாட் சரோன் பக்கம் ஒரு பள்ளி.
கணக்குக்கு ஆளே அகப்படாமல்
பாதி வருஷம் ஓடிப்போயிருந்ததாம் அங்கே.
மார்ச்சுக்கும் ஏப்ரலுக்கும் சம்பளம் கிடையாது.
ஒப்பந்தத்தில் அது எட்டாம் பக்கம், எறும்பெழுத்து.
"கழித்தலுக்கு இனி உதாரணம் தேடவேண்டாம்" என்றார்.

தொழில் என்ற கட்டத்தை நிரப்ப
என்னை விடவில்லை.
பேனாவை வாங்கி அழுத்தி எழுதினார்,
கார்பன் தாண்டி, மூன்றாம் தாள் தாண்டி,
என் மேசையில் விரித்த செய்தித்தாள் வரைக்கும்.
போனபிறகு விரலால் தடவிப் பார்த்தேன்.
தட்டுப்பட்டது.

இப்போது வாசலில் மரிவிக் நிற்கிறாள்.
பிலிப்பைன்ஸ். தாண்டினால் ஐந்தடி.
போட்டுவிட்டேன், கோட்டுக்குள் ஆளைக் காணோம்.
கிளிப் பத்தாது போலிருக்கிறது.
பொன்பசூட்டின் துணிக்கொடியில் நாலைந்து இருக்கும்,
நில்லம்மா, வாங்கி வருகிறேன்.